காற்றுப் பிரிவின் ஒரே அனுமதி

பாஸ்பரஸ் சுழற்சி வாரியத்தில் ஆறு பிரிவுகள்: பாறை, மண், பயிர், உயிரினம், நீர், காற்று. நான் காற்றுப் பிரிவின் எழுத்தர். பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. வேலையும் இல்லை.

ஒளிவுமறைவு எதற்கு? பாஸ்பரஸ் காற்றில் போகாது. மழை பட்டுப் பட்டுப் பாறை கரைந்து அது மண்ணுக்கு வருகிறது. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சுகிறது. பயிரை மாடும் மனிதனும் தின்கிறார்கள். சாணமாகவும் எலும்பாகவும் மறுபடி மண்ணுக்கே வருகிறது. கொஞ்சம் மழைநீரோடு ஓடி ஏரியில் விழுந்து, அடியில் படிந்து, யுகக்கணக்கில் கிடந்து பாறையாகிறது. இவ்வளவு பெரிய பயணத்தில் ஆவியாகி மேலே போகிற கட்டமே கிடையாது. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் எதிர்த்தெருவில் இருக்கும் நைட்ரஜன் வாரியத்தில் காற்றுப் பிரிவு இருந்தது. "அவங்ககிட்ட இருக்கறது நம்மகிட்ட இல்லன்னா வெளியில தலைகாட்ட முடியுமா?" என்று எங்கள் தலைவர் கேட்டார். நான் நியமிக்கப்பட்டேன். காற்று என்பதால் கடைசி மாடியில் இடம் கொடுத்தார்கள். ஜன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்ததால் காற்று வந்தது. புறாக்களும் வந்தன.

எங்கள் கட்டடத்தின் முன்கூடத்தில் சுவர் முழுக்க ஒரு வட்டப் படம் உண்டு. மலை, வயல், சோளத்தட்டை, மாடு, மனிதன், ஏரி, மறுபடி மலை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறிகள். காற்றுப் பிரிவுக்கும் ஒரு அம்பு வேண்டுமே! எங்கிருந்து எங்கே போடுவது என்று ஓவியர் கேட்டபோது, "அழகா இருக்கற மாதிரி போடுங்க" என்று பதில் வந்ததாம். அது மாட்டின் கொம்புக்கு மேலே தொடங்கி மின்விசிறிக்குப் பக்கத்தில் முடிகிறது.

வாரியத்தின் முதல் விதி இந்தப் படத்திலிருந்து பிறந்தது. பாஸ்பரஸ் எந்த அம்பு வழியே போகிறதோ, அதைப் பற்றிய கோப்பும் அந்த அம்பு வழியேதான் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. உயிரினப் பிரிவும் மண் பிரிவும் பக்கத்துப் பக்கத்து மேஜைகள். கை நீட்டினால் எட்டும். ஆனால் மாட்டிலிருந்து மண்ணுக்குத்தான் அம்பு இருக்கிறது, மண்ணிலிருந்து மாட்டுக்கு நேர் அம்பு இல்லை. பயிர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இரண்டாவது விதி வாசலில் நிற்கிறது. மனித உடம்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். பெரும்பாலும் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எனவே வாரியத்துக்குள் வருகிறவர் எவ்வளவு பாஸ்பரஸோடு வந்தாரோ அவ்வளவோடு வெளியேற வேண்டும். காவலாளி எல்லோரையும் எடைக்கருவியில் ஏற்றி இறக்குகிறார். நடுவில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் படிவம் நான்கை நிரப்ப வேண்டும். கழிப்பறைக் குழாய் நேராக ஏரிக்குப் போகிறது. அது அம்புக்குறியின் திசையிலேயே போவதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

சோளக்காரர் என்று நாங்கள் கூப்பிட்ட அந்த விவசாயி முதன்முதலில் வந்த அன்று அறுபத்து நான்கு கிலோ இருந்தார்.

"அறுநூத்தி நாப்பது கிராம்" என்று காவலாளி எழுதிக்கொண்டார்.

"எது சார் அறுநூத்தி நாப்பது?"

"உங்ககிட்ட இருக்கற பாஸ்பரஸ்."

"நான் ஒண்ணும் கொண்டுவரலயே சார். பையைப் பாருங்க, மத்தியான சாப்பாடுதான் இருக்கு."

"சாப்பாடா? இறங்காதீங்க, அதையும் சேத்து நிறுக்கணும்."

வேலை இல்லாதவனுக்கு எல்லா அறையும் சொந்த அறை. நான் டீ கிளாஸோடு மாடி மாடியாகச் சுற்றுகிறவன் என்பதால் சோளக்காரரின் விவகாரம் முழுவதும் எனக்குத் தெரியும். ஏரி பச்சையாகி மீன்கள் செத்து மிதந்த வருடம், இனிமேல் அனுமதி இல்லாமல் ஒரு கிராம் பாஸ்பரஸ்கூட இடம் நகரக் கூடாது என்று வாரியம் உத்தரவு போட்டது. ஏரிக்குள் விழுகிற எங்கள் குழாயை விட்டுவிட்டு, ஆய்வாளர் ஊர் ஊராகப் போய் எருக்குழிகளுக்குச் சீல் வைத்தார். சோளக்காரரின் தொழுவத்தில் நான்கு மாடுகள். அவற்றின் சாணக் குவியலைச் சுற்றி நான்கு முளை அடித்து, மஞ்சள் பட்டை கட்டி, தகரச் சீல் தொங்கவிட்டார். தொழுவத்திலிருந்து வயல் நாற்பது அடி. அந்த நாற்பது அடிக்கு அனுமதி கேட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

வயல் அவருடையது அல்ல. அவர் மனைவியின் அண்ணனுடையது. எரு போடாமல் விதைத்த போகத்தில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. இலை ஓரமெல்லாம் ஊதா. மச்சான் வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு போகம் பாருங்க மாப்பிள்ளை. அதுவும் இப்படித்தான்னா செங்கல் சூளைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுத்துடுவேன். மண்ணாவது சுவரா நிக்கட்டும்" என்றாராம். மண்ணைத் தோண்டிச் சுட்டுவிட்டால் அப்புறம் அந்த இடத்தில் எதுவும் முளைக்காது. சோளக்காரர் இதை எங்கள் அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒவ்வொருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மாட்டிலிருந்து வந்த பொருள் என்பதால் விண்ணப்பம் முதலில் உயிரினப் பிரிவுக்குப் போனது. அந்த அதிகாரி நல்ல மனிதர், மூன்றே வாரத்தில் கையெழுத்துப் போட்டார். தேதி போட மறந்துவிட்டார். கோப்பு அடுத்த மேஜைக்கு வந்தது. மண் பிரிவு மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கையெழுத்து இருக்கு, தேதி இல்லயே?"

"அதோ பக்கத்துலயே உக்காந்திருக்காரே மேடம். ஒரு நிமிஷம் குடுங்க, வாங்கிக் குடுத்துடறேன்."

"எப்படிங்க முடியும்? மண்ணுக்கு வந்தது திரும்பி மாட்டுக்குள்ள போகுமா? நீங்களே விவசாயி, உங்களுக்குத் தெரியாததா? சுத்தித்தான் வரணும்."

பக்கத்து மேஜைக்காரர் இதையெல்லாம் கேட்டபடி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராகத்தான் இருந்தார். கோப்பு அவரைத் தாண்டி மாடிப்படி ஏறிப் பயிர்ப் பிரிவுக்குப் போனது. அங்கே அதிகாரி, இணைத்திருந்த காய்ந்த இலையைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"அடடா, என்ன ஊதா! பாஸ்பரஸ் பற்றாக்குறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமே இதுதான்! எரு கிரு போட்டுடாதீங்க, போட்டோ எடுக்க ஆள் வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

போட்டோ எடுக்க ஆள் வருவதற்குள் மழை வந்தது. பயிர்ப் பிரிவின் கூரை ஒழுகி, கோப்பு நனைந்தது. நனைந்த கோப்பு நீர்ப் பிரிவைச் சேர்ந்தது என்று நீர்ப் பிரிவு அதிகாரி நேரில் வந்து வாங்கிப் போனார். அதே மழை சாணக் குவியலின் ஒரு பக்கத்தைக் கரைத்து, வாய்க்கால் வழியே ஏரிக்குக் கொண்டுபோய்விட்டது. மறுவாரம் சோளக்காரருக்கு நோட்டீஸ் போனது: அனுமதியின்றிப் பாஸ்பரஸை நகர்த்தியதற்கு விளக்கம் தரவும்.

"மழைதானே சார் அடிச்சுக்கிட்டுப் போச்சு? முளை அடிச்சு சீல் வச்சது நீங்க. நான் கிட்டக்கூடப் போகலயே!"

"மழைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாதுங்க. அதுக்கு முகவரி இல்ல. உங்களுக்கு இருக்கு" என்றார் நீர்ப் பிரிவு அதிகாரி. அவர் ஜன்னலுக்கு வெளியே ஏரி புல்வெளி மாதிரி பச்சையாகக் கிடந்தது. நாற்றம் வராமலிருக்க ஜன்னலை மூடியே வைத்திருப்பார்.

தண்ணீரிலிருந்து அம்பு பாறைக்குப் போகிறது. எனவே கோப்பும் பாறைப் பிரிவுக்குப் போனது. அது தரைக்குக் கீழே உள்ள அறை. அடுக்கடுக்காகக் கோப்புகள். கீழே உள்ளவை நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. பாறைப் பிரிவு அதிகாரி எங்கள் வாரியத்திலேயே மிகவும் நிதானமானவர். சோளக்காரரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"இங்க வந்தது லேசுல வெளிய போகாதுங்க. இயற்கையில ஏரிக்கு அடியில படிஞ்சது பாறையாகி, மலையாகி, மழையில கரைஞ்சு வெளிய வர எத்தன கோடி வருஷம் ஆகுது தெரியுமா? நாங்க எட்டே மாசத்துல முடிக்கிறோம். ஆனா, யாராவது நன்றி சொல்றாங்களா?"

சோளக்காரர் நன்றி சொன்னார். வேறு என்ன செய்வார், பாவம்!

அன்று வெளியே போகும்போது காவலாளி அவரை நிறுத்தினார். எடைக்கருவி அறுபது கிலோ காட்டியது.

"முதல் தடவை வந்தப்ப அறுநூத்தி நாப்பது. இப்ப அறுநூறுதான் இருக்கு. நாப்பது கிராமை எங்க விட்டீங்க?"

"இங்கதான் சார்" என்றார் சோளக்காரர். "மாடி மாடியா விட்டிருக்கேன்."

உண்மையைச் சொல்கிறேன், ஒன்பது வருடமாகச் சம்பளம் வாங்கியதில் அன்றுதான் முதல்முறையாக வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட எங்கள் வாரியத்தில் பிரிவு இல்லை. டீயைக் குடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

அடுத்த மாதம் வாரியத்தின் பதினோராவது ஆண்டு விழா. தலைவர் முன்கூடத்தில் படத்துக்கு முன்னால் நின்று பேசினார். கூட்டத்தில் கடைசி வரிசையில் சோளக்காரரும் இருந்தார். விழா என்று தெரியாமல் கோப்பைக் கேட்க வந்தவரை, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

"நண்பர்களே! பதினோரு வருஷத்துக்கு முன்னால இந்த நாட்டுல பாஸ்பரஸ் தன் இஷ்டத்துக்குத் திரிஞ்சுது. மாடு சாணி போடும், மண்ணு வாங்கிக்கும், செடி எடுத்துக்கும். யாரும் யாரையும் கேக்கல! ஒரு கையெழுத்து உண்டா? ஒரு முத்திரை உண்டா? இன்னைக்கு நான் நெஞ்ச நிமித்திச் சொல்றேன், நம்மள மீறி எதுவும் சுத்தல. சொல்லப்போனா, எதுவுமே சுத்தல. வயல் வயலாவே இருக்கு, எரு எருவாவே இருக்கு. இந்தக் கட்டுப்பாட்டை உலகத்துல வேற யார் சாதிச்சாங்க?" கைதட்டல் ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. சோளக்காரரும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மாதம் காத்திருக்கும் நேரத்தில் காற்றுப் பிரிவிலிருந்து "எங்களுக்கு இதில் சம்பந்தமில்லை" என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது என்று பாறைப் பிரிவில் சோளக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். விழா முடிந்ததும் அவர் ஐந்து மாடி ஏறி என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது. இரண்டாவது போகம் விதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"முளைச்சது பாதிதான் சார். முளைச்சதும் ஊதா. மச்சான் சூளைக்காரனைக் கூட்டிட்டு வந்து மண்ணைத் தோண்டிக் காமிச்சுட்டார். வீட்டுல என் சம்சாரம் அவ அண்ணன்கிட்ட பேசறதில்ல, என்கிட்டயும் பேசறதில்ல. மாடுங்கதான் என்கூடப் பேசுது."

நான் படிவத்தைத் தேடினேன். ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காததால் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், அவர் அறையின் மறுபாதியில் குந்தி உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பாதி புறாக்களுடையது. சந்தையின் தானியக் கிடங்கில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து என் அறையில்தான் இளைப்பாறும். எச்சம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, காய்ந்து, அடியில் மண்ணாகவே ஆகியிருந்தது. பெருக்க ஆள் கேட்டு எழுதினேன். காற்றுப் பிரிவில் பெருக்க என்ன இருக்கிறது என்று பதில் வந்தது.

அவர் ஒரு பிடி எடுத்து விரல்களுக்கு நடுவே பொடித்து, மோந்து பார்த்தார்.

"சார், இது எத்தன வருஷத்துது?"

"நான் வந்த நாள்லேர்ந்து இருக்கு."

"சார்" என்றார் மறுபடி. "என் சாணக் குவியலைவிட இதுல சத்து அதிகம் சார். வயல் முழுக்கப் போதும்."

நான் படிவத்தை விட்டுவிட்டு, அலமாரியின் அடியிலிருந்து காற்றுப் பிரிவின் அமைப்பு விதிகளை எடுத்துத் தூசி தட்டினேன். நைட்ரஜன் வாரியத்தின் விதிகளைப் பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றிய இரண்டு பக்கம். அதில் ஏழாவது விதி: "காற்று வழியே வந்தடையும் பாஸ்பரஸ் அனைத்தும் காற்றுப் பிரிவின் பொறுப்பு. அதை உரிய மண்ணில் சேர்க்கப் பிரிவின் எழுத்தரே அனுமதி வழங்கலாம்." வேறு யார் கையெழுத்தும் தேவையில்லை. இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அதில் கைவைக்கவில்லை.

"இந்தப் புறாங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பறந்துதான் சார் வரும். புறாவாச்சே!"

"அப்ப காற்று வழியா வந்தடைஞ்சது."

"ஆமாங்க."

அனுமதியை எழுதினேன். பேனா காய்ந்துபோயிருந்தது, அவருடையதை வாங்கி எழுதினேன். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். தேதியும் போட்டேன்.

மறுநாள் அவரும் மனைவியும் சாக்குகளோடு வந்து, இரண்டு நாள் அள்ளிக் கொண்டுபோனார்கள். அந்த அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, "என்னங்க, அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க" என்று அவரை விரட்டிக்கொண்டே இருந்தார். பேசாமல் இருந்தவர் பேசுகிறார் என்பதில் சோளக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம், வேண்டுமென்றே இன்னொரு மூலையையும் விட்டார். காவலாளி சாக்குகளைப் பார்த்தார், அனுமதியைப் பார்த்தார். முத்திரை இருந்தது. விட்டுவிட்டார்.

சோளவரிசைகளின் ஓரமாகக் கீறி, அதைப் போட்டு மண் அணைத்தார்கள். பிறகு வந்த இலைகளில் ஊதா இல்லை. தட்டை ஆள் உயரத்தைத் தாண்டி நின்றபோது மச்சான் மறுபடி வந்து வரப்பில் நின்றாராம். "சூளைக்காரனுக்கு வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்" என்றுவிட்டு, பத்துக் கதிர் ஒடித்துக்கொண்டு போனாராம்.

பயிர்ப் பிரிவிலிருந்து ஊதா இலையைப் போட்டோ எடுக்கப் போன ஆள், பச்சை வயலைப் பார்த்துவிட்டு வந்து புகார் எழுதினார். விசாரணை வந்தது. நான் ஏழாவது விதியைக் காட்டினேன். விதியின்படி நான் செய்தது சரி என்று தெரிந்ததும் தலைவருக்குக் கோபம் இரட்டிப்பானது. மறுநாளே ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்தார்கள். புறாக்கள் எதிர்த்தெருவுக்கு, நைட்ரஜன் வாரியத்துக்குக் குடிபோயின. சோளக்காரருக்கு நோட்டீஸ் போனது: வாரியக் கட்டடத்தில் இருந்த பாஸ்பரஸை உடனே திருப்பி ஒப்படைக்கவும்.

அவர் அறுவடை முடிந்து வந்தார். மனைவியும் வந்திருந்தார். காவலாளி எடை போட்டார். அறுபத்தேழு கிலோ.

"அறுநூத்தி எழுபது. போன தடவையைவிட எழுபது கிராம் கூடுதல்."

"அதான் சார் உங்களோடது. நிக்கறேன், எடுத்துக்கங்க."

தலைவரும் பிரிவு அதிகாரிகளும் முன்கூடத்துக்கு வந்து கூடினார்கள். வயலில் கலந்தது தன் பொறுப்பு என்று மண் பிரிவு மேடம் சொன்னார். தட்டையில் இருப்பது தன்னுடையது என்றார் பயிர்ப் பிரிவு. தட்டையைத் தின்ற மாடுகளை உயிரினப் பிரிவு எடுத்துக்கொண்டது. தன் பங்கை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மிச்சம் இருந்தது இந்த எழுபது கிராம். எல்லோரும் படத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மனிதனிடமிருந்து ஒரு அம்பு கீழே மண்ணுக்குப் போகிறது.

"இவர் இறந்ததுக்கு அப்புறம்தான் இது வரும்" என்றார் உயிரினப் பிரிவு அதிகாரி சங்கடத்தோடு. "எலும்புல சேந்ததாச்சே!"

"காத்திருக்கலாம்" என்றார் பாறைப் பிரிவு அதிகாரி. "முப்பது நாப்பது வருஷம். ஒண்ணும் அவசரம் இல்ல."

தலைவர் அப்படியே எழுதச் சொன்னார். சோளக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், மனுசன்கிட்டேர்ந்து இன்னொரு அம்பு ஏரிப் பக்கம் போகுதே. அது என்ன?"

காவலாளி கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்ப இன்னைக்கே கொஞ்சம் குடுத்துடறேன். படிவம் நாலு குடுங்க."

போய்விட்டு வந்தார். காவலாளி மறுபடி எடை போட்டார். முந்நூறு கிராம் குறைந்திருந்தது. கணக்குப்படி மூன்று கிராம் பாஸ்பரஸ். "மிச்சம் அறுபத்தேழு கிராம் இருக்குங்களே. கவலப்படாதீங்க, தினம் காலையில வந்துடறேன். வீட்டுல இவளும் வருவா, மச்சானும் பத்துக் கதிர் தின்னிருக்கார், அவரையும் குடும்பத்தோட கூட்டிட்டு வரேன்" என்றார். மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

தலைவர் வேகமாகப் பேனாவை எடுத்தார். "முழுவதும் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் ஒரே நாளில் முடிந்த ஒரே கோப்பு அதுதான்.

படியிறங்கும்போது சோளக்காரர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த போகத்துக்கு என்ன சார் பண்றது? சாணத்துல சீல் அப்படியேதான் இருக்கு."

மேலே போய் அறையில் உட்கார்ந்தேன். காலியாக இருந்த பாதி, கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் காவலாளியிடம் இடுக்கி கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வலையின் மேல் மூலையை ஒரு முழத்துக்கு வெட்டி, வெளிப்பக்கமாக மடக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் நேரத்தோடு வேலைக்கு வந்தேன். மேஜைமேல் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், ஈரம் காயாமல், அதன் விண்ணப்பம். பதிவேட்டைத் திறந்து வரிசை எண் இரண்டு என்று எழுதி, தேதியும் போட்டேன்.